மாவலிக் கரைக்கு மீண்ட தலை

அப்புத்தளை மலைமுகட்டில் நிற்பவன் இரண்டு திசைகளை ஒருங்கே காண்பான். தெற்கே நிலம் படிபடியாகத் தாழ்ந்து கடலை நோக்கிச் செல்லும். வடக்கே ஊவாப் பள்ளத்தாக்கு, தேயிலையும் வயலும் மானாப் புல்லும் போர்த்து, ஒரு பெரிய மரக்கிண்ணம் போலக் கிடக்கும். அக்கிண்ணத்தில் விழும் மழை உமா ஓயாவாகவும் பதுளை ஓயாவாகவும் திரண்டு மாவலி கங்கையைச் சேரும். மாவலியோ கண்டி மாநகரைச் சூழ்ந்து வளைந்து ஓடிவரும் பேராறு. ஆதலின் ஊவாவின் நீர் கண்டியைக் காண்பதில்லை. கண்டியைக் கண்டுவந்த நீரோடு கலக்கும் பேறு ஒன்றே அதற்கு உண்டு.

இந்த ஊவாவிலிருந்து புறப்பட்ட ஒரு வீரன் கண்டியிலே உயிர் நீத்தான். அவன் தலை கடல் கடந்து சென்றது. 136 ஆண்டுகள் கழித்து அத்தலை மட்டும் மாவலி சூழ்ந்த அந்நகருக்கு மீண்டுவந்தது. அக்கதையை வகுப்பிலே பலமுறை சொல்லியிருக்கிறேன். ஆயினும் ஒரு மாணவி கேட்ட கேள்விக்குப் பின்னரே அதனை நான் உண்மையில் படிக்கத் தொடங்கினேன் என்று சொல்லல் வேண்டும்.

சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் பாடசாலை மாணவர் சிலரை அழைத்துக்கொண்டு புகைவண்டியிலே கண்டிக்குச் சென்றேன். பெரும்பாலோர் தோட்டத்துப் பிள்ளைகள். தாயார் கொழுந்து பறிப்பவர். தந்தையார் கவ்வாத்து வெட்டுபவர் அல்லது கொழும்பிலே கடைகளில் நிற்பவர். தலதா மாளிகையைக் கண்டு வெளிவந்தபின், அதற்கு எதிரேயுள்ள திடலில் நிற்கும் கெப்பெட்டிப்பொலவின் நினைவுச் சின்னத்தைக் காட்டி, “இதனுள்ளே ஊவாத் திசாவையின் தலை இருக்கிறது” என்றேன். பிள்ளைகள் வாய்மூடி நின்றனர். அப்போது ஒரு மாணவி கேட்டாள்:

“சேர், அவர் ஊவாவுக்குத் திசாவை என்று சொன்னீங்க. நாங்களும் ஊவாதானே? அப்படியென்றால் அவர் எங்களுக்கும் சொந்தந்தானே?”

பக்கத்தில் நின்ற பையன் ஒருவன் உடனே மறுத்தான். “நம்ம ஆளுங்க வந்ததே அவர் செத்த பிறகுதான். அவர் எப்படி நமக்குச் சொந்தமாவார்?”

நான் விடை கூறவில்லை. வண்டிக்கு நேரமாயிற்று என்று சொல்லி அவர்களை அழைத்துச் சென்றேன். ஆசிரியன் கடிகாரத்தைக் காட்டித் தப்பிக்கும் தருணங்கள் உண்டு என்பதை இதனைப் படிக்கும் ஆசிரிய அன்பர்கள் அறிவர். ஆனால் பேராதனைப் பாலத்தில் வண்டி மாவலியைக் கடந்தபோது அந்தக் கேள்வியும் என்னோடு கூடவே வந்தது.

முதற்கண் கதையை நிரல்படக் காண்போம்.

1815-ஆம் ஆண்டு பெப்ரவரி 18-ஆம் நாள் கண்டியின் கடைசி மன்னன் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் ஆங்கிலேயரிடம் பிடிபட்டான். கடலுக்கு அப்பாலிருந்து வந்து கண்டி அரியணை ஏறிய நாயக்கர் வழியில் வந்தவன் அவன், இயற்பெயர் கண்ணுசாமி. மார்ச் 2-ஆம் நாள் கண்டிப் பிரதானிகள் ஆங்கிலேயரோடு உடன்படிக்கை செய்துகொண்டனர். அதிலே கையொப்பமிட்டவருள் ஊவாத் திசாவை மொனரவில கெப்பெட்டிப்பொலவும் ஒருவர். மன்னன் வேலூர்க் கோட்டைக்குக் கொண்டுசெல்லப்பட்டு 1832-ஆம் ஆண்டு ஜனவரி 30-ஆம் நாள் அங்கேயே இறந்தான். பாலாற்றங்கரையிலே அவனுக்கு முத்து மண்டபம் உண்டு. அவன் மீளவில்லை.

பிரதானிகள் எதிர்பார்த்தது ஒன்று, நிகழ்ந்தது வேறு. அரசனை நீக்கினால் அதிகாரம் தம்மிடம் தங்குமென்று எண்ணினர். அதிகாரமோ படிப்படியாக ஆங்கில அதிகாரிகளிடம் சென்றது. வெல்லஸ்ஸப் பகுதியிலே ஹாஜி மரிக்கார் என்பாரை முகாந்திரமாக அரசாங்கம் நியமித்தமை, பரம்பரைத் தலைவர்களின் மனத்தைப் புண்படுத்தியது. அவ்வேளையில், ‘துரைசாமி’ என்னும் பெயரோடு, நாடுகடத்தப்பட்ட மன்னனின் உறவினன் என்று சொல்லிக்கொண்டு ஒருவன் காட்டிலே தோன்றினான். அவன் உண்மையிலே வில்பாவே என்னும் முன்னாட் பிக்கு. ஊவா மக்கள் கிளர்ந்தெழுந்தபோது அவர்கள் உயர்த்திப் பிடித்த அரசுரிமைப் பெயர் ஒரு தமிழ்ப் பெயராக இருந்தது என்பதை நம் மாணவர் அறிதல் நன்று.

1817-ஆம் ஆண்டு ஒக்டோபரில், நிலைமையை அறியப் பதுளையிலிருந்து சென்ற ஆங்கில அதிகாரி வில்சன் அம்புக்கு இரையானார். கிளர்ச்சியை அடக்குமாறு தேசாதிபதி பிரவுன்றிக்கின் அரசாங்கம் கெப்பெட்டிப்பொலவை ஆட்களும் ஆயுதமும் கொடுத்து அனுப்பியது. சென்றவர் கிளர்ச்சிக்காரரோடு சேர்ந்தார். சேரும்போது, தமக்கு அரசாங்கம் தந்த படைக்கலங்களைத் திருப்பியனுப்பிவிட்டார்.

இந்த ஒரு செயலில் நெடுநேரம் நிற்கத் தோன்றுகிறது. வகுப்பிலே ஒவ்வோராண்டும் மாணவர் இருகட்சியாகப் பிரிந்து வாதாடும் பொருள் ஒன்றுண்டு: கும்பகருணன் உயர்ந்தவனா, வீடணன் உயர்ந்தவனா? செஞ்சோற்றுக் கடன் பெரிதா, அறம் பெரிதா? கெப்பெட்டிப்பொல இவ்விருவரில் யார்? ஆங்கிலேயர் தந்த பதவியில் இருந்தவர். அவர்கள் ஏவலாற் சென்றவர். சென்ற இடத்தில் மாறியவர். இரண்டகம் செய்தார் என்று ஒருவன் சொல்லலாம். ஆனால் அவர் கடனைத் தின்றுவிட்டுப் போகவில்லை. திருப்பிக் கொடுத்துவிட்டுப் போனார். உன் வாளைக் கொண்டே உன்னை வெட்டமாட்டேன் என்றது அச்செயல். படைக்கலம் இழந்து நின்ற இராவணனை மறுநாள் வருமாறு விடுத்த இராமனின் பெருமையைக் கம்பன் வாயிலாகக் கேட்டு வளர்ந்த நமக்கு, இச்செயலின் மேன்மையைப் பிறர் விளக்க வேண்டுவதில்லை. மாறுவதிலும் மானம் காக்க முடியும் என்பதற்கு இஃது ஓர் எடுத்துக்காட்டு.

போர் ஓராண்டுக்கு மேல் நீண்டது. இராணுவச் சட்டம் விதிக்கப்பட்டது. வீடுகள் எரிந்தன, நெற்களஞ்சியங்கள் எரிந்தன, கால்நடைகள் கொல்லப்பட்டன, நீர்ப்பாசன வழிகள் அழிந்தன. சிங்களத்திலே வயல்கள் நூறாயிரம் என்று பொருள்படும் பெயரைக் கொண்ட வெல்லஸ்ஸ, பெயரை மட்டும் வைத்துக்கொண்டு வயலை இழந்தது. ஆங்கிலப் படைக்கு உதவியாகச் சென்னையிலிருந்து சிப்பாய்களும் வந்தனர். அவர்களுள் தமிழ் பேசியோரும் இருந்திருப்பர். துரைசாமி என்ற பெயரை மகிழ்ந்து சொல்லும் நாம் இதனையும் மறைத்தல் ஆகாது. 1799-இல் கயத்தாற்றிலே கட்டபொம்மனும், 1801-இல் திருப்பத்தூரிலே மருது சகோதரரும் தூக்கிலேறியதைக் கண்ட நாட்டிலிருந்தே அச்சிப்பாய்களும் வந்தனர். கூலிக்குப் போர் செய்வோன் யார் நிலத்தில் யாருக்காக நிற்கிறான் என்பது அவனுக்கே தெரியாமற் போவதுண்டு.

1818-ஆம் ஆண்டு ஒக்டோபர் இறுதியிலே அநுராதபுரப் பகுதியில் கெப்பெட்டிப்பொல பிடிபட்டார். நவம்பர் 26-ஆம் நாள் கண்டியிலே போகம்பறையில் அவரும் மடுகல்லையும் தலை வெட்டப்பட்டு இறந்தனர். அதற்குமுன் அவர்களைத் தலதா மாளிகைக்கு அழைத்துச் சென்றனர். கெப்பெட்டிப்பொல தம் மேலாடையையே காணிக்கையாக அளித்தார். மறுபிறப்பில் இமயமலையிலே பிறந்து முடிவில் நிர்வாணம் எய்தவேண்டும் என்று வேண்டினார். அலைந்து கிழிந்த ஆடை அது. அதைத் தவிர அந்நாளில் அவரிடம் கொடுப்பதற்கு வேறொன்றும் இல்லை.

இவற்றையெல்லாம் நமக்கு எழுதிவைத்தவர் பகைவர் படையைச் சேர்ந்த மருத்துவர் ஹென்றி மார்ஷல். 1846-இல் வெளிவந்த தம் இலங்கை நூலிலே, கிளர்ச்சி வென்றிருந்தால் இவரைத் தேசபக்தர் என்று உலகம் கொண்டாடியிருக்கும், தோற்றமையாலன்றோ துரோகி எனப்பட்டார் என்ற கருத்தை அவர் ஒளியாமல் எழுதினார். ஆனால் அதே மருத்துவரே அத்தலையோட்டை எடுத்துச் சென்று எடின்பரோவிலிருந்த ஒரு காட்சிச்சாலைக்குக் கொடுத்தார். மண்டையோட்டின் மேடுபள்ளங்களைத் தடவி ஒருவனின் குணங்களை அறியலாம் என்று நம்பிய கழகத்தின் காட்சிச்சாலை அது. நம்மிடையே சாமுத்திரிகா லட்சணம் பார்ப்போர் இருந்ததுபோல அக்காலத்து ஐரோப்பாவிலும் இருந்தனர். வேறுபாடு, அவர்கள் அதை விஞ்ஞானம் என்று அழைத்தனர். மேலாடையைத் தெய்வத்துக்குக் கொடுத்த மனத்தை எந்த எலும்பின் மேட்டிலே தேடினார்களோ!

ஏறக்குறைய அதே காலத்தில், உலகத்தின் மறுபுறத்தில் வேறொரு வீரன் மீண்டுவந்த கதையும் உண்டு. அமெரிக்க விடுதலைப் போரிலே துணைநின்ற பிரெஞ்சுத் தளபதி லபாயெத், முதுமையிலே அந்நாட்டின் அழைப்பை ஏற்று 1824-இல் அங்கு சென்றார். அன்றிருந்த 24 மாநிலங்களிலும் அவரை மக்கள் பூமாரி பெய்து வரவேற்றனர். 1825 மே மாதத்தில் ஓஹையோ ஆற்றிலே இரவில் அவர் சென்ற நீராவிக் கப்பல் மூழ்கியது. உயிர் தப்பி, வேறு கப்பலேறி, லூயிவில் என்னும் ஆற்றங்கரை நகரை அடைந்து விருந்து உண்டார். பங்கர் குன்றுப் போர்க்களத்தின் மண்ணை எடுத்துச்சென்று வைத்திருந்தார். 1834-இல் பாரிசிலே அவர் இறந்தபோது அந்த மண்ணே அவரைப் போர்த்தது. அந்நிய மண்ணுக்குப் போராடியவனை அம்மண் தன்னுடையவன் என்று கொண்டது. கெப்பெட்டிப்பொலவின் மீட்சி அவ்வாறு அமையவில்லை. ஆனால், பிறந்த இடம் ஒன்றாகவும் உரிய இடம் வேறாகவும் இருத்தல் கூடும் என்பதற்கு லபாயெத் கதை சான்று. இதனை மனத்திற் குறித்துக்கொள்க.

1954-ஆம் ஆண்டு தலையோடு தாய்நாடு திரும்பியது. சேர் ஜோன் கொத்தலாவலை பிரதம மந்திரியாக இருந்த காலம். அரச மரியாதையோடு அது கண்டியிலே, தலதா மாளிகைக்கு எதிரே, நினைவுச் சின்னத்துள் வைக்கப்பட்டது. அவர் உயிர் பிரிந்த போகம்பறையும் அவர் மேலாடையைக் காணிக்கையாக்கிய கோயிலும் அருகருகே உள்ளன. 1818-இல் அவரையும் தோழர்களையும் துரோகிகள் என்று அறிவித்த அரசாங்க அறிவித்தல் 2016-ஆம் ஆண்டு வரை நீக்கப்படாமலே கிடந்தது. அவ்வாண்டு டிசம்பரிலேதான் அது இரத்துச் செய்யப்பட்டு, 19 தலைவர்கள் தேசிய வீரர்கள் எனப்பட்டனர். தலை மீளுவதற்கு 136 ஆண்டு. பெயர் மீளுவதற்கு அதனினும் 62 ஆண்டு.

இனி, 1954 என்ற அந்த ஆண்டினை எங்கள் வீட்டுக் கண்ணாடியாலும் பார்க்கவேண்டும்.

கெப்பெட்டிப்பொலவின் போரினால் வெறிச்சோடிய மலைநாட்டிலே பின்னர் கோப்பி வந்தது. 1869-இல் கோப்பியைப் பீடித்த நோய்க்குப் பின் தேயிலை பரவியது. இவற்றை நட்ட கைகள், மன்னார்க் கரையிலிறங்கி மாத்தளை வரை காட்டுவழி நடந்துவந்த எம் முன்னோரின் கைகள். 1890-ஆம் ஆண்டிலே லிப்டன் கட்டுவித்த தம்பேதன்னைத் தொழிற்சாலையை அப்புத்தளைக்கு வருவோரெல்லாம் பார்த்துச் செல்கின்றனர். அங்கே கொழுந்து சுமந்தவர் பெயர் எந்தச் சுவரிலும் இல்லை. 1948-ஆம் ஆண்டின் 18-ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டம் அவர்களுள் மிகப் பலரை நாடற்றவராக்கியது. 1949-ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் விண்ணப்பிக்கலாம் என்றனர்; மணமானவர் ஏழாண்டு, மணமாகாதவர் பத்தாண்டு இடைவிடாது இங்கு வாழ்ந்தமைக்குச் சான்று வேண்டும் என்றனர்.

என் பாட்டனார் விண்ணப்பித்தார். தாயார் இறந்த செய்தி கேட்டு ஊருக்குப் போய்வந்த சில மாதங்களை ஓர் அலுவலகம் இடைமுறிவு என்று கணித்தது. தாய்க்குக் கொள்ளி வைத்தவன் நாட்டை இழந்தான். 1954 ஜனவரியிலே நேருவும் கொத்தலாவலையும் டில்லியில் ஒப்பந்தம் செய்தனர்; எம்மவரை எந்த நாட்டின் ஏட்டிலே பதிவது என்பதே பேச்சு. பின்னர் 1964-இல் சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேர் அங்கே, 3,00,000 பேர் இங்கே, 1,50,000 பேரைப் பற்றிப் பிறகு பார்ப்போம் என்று பங்கு பிரித்தது. நிராகரிக்கப்பட்ட கடிதத்தைப் பாட்டனார் தகரப் பெட்டியில் மடித்து வைத்திருந்தார். எங்கள் லயத்துக் காம்பராவில் அந்தப் பெட்டிக்கு மேலேதான் விளக்கு வைப்பது வழக்கம். நாடற்றோர் சிக்கலை முடித்துவைக்க 2003-இல் 35-ஆம் இலக்கச் சட்டம் வந்தபோது பெட்டி இருந்தது, பாட்டனார் இல்லை.

ஆகவே, ஒரு தலை அரச மரியாதையோடு வரவேற்கப்பட்ட அதே ஆண்டிலே, அத்தலைவன் ஆண்ட ஊவாவில் உயிரோடிருந்த ஆயிரமாயிரம் தலைகள் எண்ணிக்கையிலே சேராமல் நின்றன. அந்தப் பையன் “அவர் எப்படி நமக்குச் சொந்தமாவார்” என்று கேட்டதன் உட்பொருள் இது. அவன் வரலாறு தெரியாமற் கேட்கவில்லை. வீட்டிலே வரலாற்றை அறிந்தே கேட்டான்.

விடையைத் தேடி என் தொழிற்கருவிகளிடமே சென்றேன். போரில் வீழ்ந்தவனுக்குக் கல் நடும் முறையைத் தொல்காப்பியர் புறத்திணையியலில் நிரல்படுத்துகிறார்: கல்லைத் தேர்ந்து காணல், அதற்கு நாட்கொள்ளல், நீராட்டல், நடுதல், படையல் இடல், வாழ்த்தல். நீர்ப்படை என்னும் நீராட்டு இல்லாமல் நடுகல் இல்லை. சேரன் செங்குட்டுவன் இமயத்துக் கல்லைக் கங்கையில் நீராட்டிய பின்னரே வஞ்சிக்குக் கொண்டுவந்தான். கெப்பெட்டிப்பொலவுக்கும் ஒரு நீர்ப்படை நிகழ்ந்தது. கடலைக் கடந்து சென்று, கடலைக் கடந்து மீண்டு, மாவலி சூழ்ந்த நகரிலே அவர் தலை இறங்கியது. இமயத்திலே பிறக்க விரும்பியவருக்கு மலைநகரிலே ஒரு கல் கிடைத்தது.

அடுத்து, அந்தக் கல் யாருக்கு உரியது? வீழ்ந்தவனின் சுற்றத்தார்க்கு மட்டுமா? மலைபடுகடாம், கூத்தரை மலைநாட்டு வழியிலே ஆற்றுப்படுத்தும்போது, வழியில் நிற்கும் நடுகற்களின் முன்னே யாழிசைத்து வணங்கிச் செல்லுமாறு கூறுகிறது. கூத்தர் அவ்வூரார் அல்லர். வீழ்ந்தவனை அறிந்தவர் அல்லர். பிழைப்புத் தேடி வழிநடந்து செல்வோர். அவர்களுக்கும் அந்தக் கல்லை வணங்கும் உரிமை உண்டு, கடமையும் உண்டு. வழிப்போக்கனும் வணங்கத்தக்கது என்பதே நடுகல்லின் இலக்கணம். வெட்டிய படையைச் சேர்ந்த மருத்துவரே அவரை மதித்து எழுத முடியுமாயின், அவர் நிலத்தை உழைப்பால் மீண்டும் பசுமையாக்கிய மக்கள் அவரைத் தம்மவர் என்று கொள்ள யாரிடம் ஒப்புதல் பெறவேண்டும்?

மறு வாரம் வகுப்பிலே இதனைச் சொன்னேன். கெப்பெட்டிப்பொல என்ற பெயர் வெலிமடைக்கு அருகே ஓர் ஊராகவும் நிற்கிறது. அங்குள்ள மரக்கறிச் சந்தைக்குத் தம் தகப்பன்மார் மூட்டை கொண்டுபோவதைப் பிள்ளைகள் அறிவர். நாள்தோறும் நம் வாயில் வழங்கும் பெயருக்கு நாம் அயலார் ஆகமாட்டோம் என்றேன். பையன் தலையசைத்தான். மாணவி எழுந்தாள்.

“சரி சேர். அவருக்குக் கல் இருக்கு, நாங்க கும்பிடுறோம். மாத்தளை ரோட்டில் நடந்து வந்து செத்துப்போன எங்க ஆளுங்களுக்குக் கல் எங்க இருக்கு?”

இம்முறை நான் கடிகாரத்தைக் காட்டவில்லை. அதற்கு விடை என்னிடம் இல்லை என்று ஒப்புக்கொண்டேன். பின்பு, ஒவ்வொருவரும் வீட்டிலே கேட்டு, முதன்முதலில் இந்த மலைக்கு வந்த தம் முன்னோர் பெயரையும், புறப்பட்ட ஊரையும், நட்ட மலையின் பெயரையும் எழுதி வருமாறு பணித்தேன். சிலர் ஒரே பெயரை எழுதி வந்தனர். சிலர் ஐந்து தலைமுறையை எழுதி வந்தனர். இருவர் வெற்றுத்தாளைக் கொண்டுவந்து, “வீட்டில் யாருக்கும் தெரியாது சேர்” என்றனர்.

அந்தத் தாள்களையெல்லாம் சேர்த்துக் கட்டிப் பாட்டனாரின் தகரப் பெட்டியிலே, அந்தக் கடிதத்தின் மேலே வைத்திருக்கிறேன். வெற்றுத்தாள் இரண்டையும் நான் நீக்கவில்லை.